மாலை போட்டதும் குடியை ஒரேயடியாக நிறுத்துகிறார், மனநல மாத்திரையும் ஓடுகிறது: ஆபத்து உண்டா?

ஹவில்தார் வீட்டம்மா, அல்சூர்

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் எம்.இ.ஜி.யில் (ராணுவத்தின் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) ஹவில்தாராக இருந்து 2020-ல் பென்ஷன் வந்தவர். இப்போது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. 2002-ல், ஆபரேஷன் பராக்ரம் என்று எல்லையில் படையைக் குவித்த சமயத்தில், ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைத்து, பிறகு அதையே தோண்டி எடுத்த ராணுவக் கம்பெனியில் (படைப்பிரிவில்) இருந்தார். கூட இருந்த பையன் ஒருவனுக்குக் கால் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. தீபாவளிக்குத் தெருவில் வெடி ஆரம்பித்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலோடு உட்கார்ந்துவிடுவார்.

இந்த வருடம்தான் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) மூலமாக மனநல டாக்டரிடம் போனோம். காலையில் மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின், ராத்திரி பதற்றத்தை அடக்கித் தூங்க வைக்கும் க்ளோனசெபாம் எழுதிக் கொடுத்தார். குடியைப் பற்றிக் கேட்டபோது, "எப்பவாவது பார்ட்டியில சார்" என்று சொல்லிவிட்டார். நிஜத்தில் தினமும் அரை பாட்டில் ரம். இரண்டும் சேரக்கூடாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அளவு மீறிக் குடிக்கிற அன்றைக்கு மாத்திரை போட மாட்டார். வாரத்தில் பாதி நாள் மாத்திரையே கிடையாது. அப்புறம் "இந்த மாத்திரை வேலை செய்யல" என்பார்.

இப்போது கார்த்திகை வருகிறது. மாலை போட்டுவிட்டால் ஒரு சொட்டு தொட மாட்டார், அந்த உறுதி அவருக்கு உண்டு. ஆனால் போன வருடம் மாலை போட்ட மறுநாளே கை நடுங்கி, காபி டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்தது. மூன்றாம் நாள் ராத்திரி வேர்த்து ஊற்றி, சுவரோரமாக யாரையோ பார்த்து, "அங்க கால் வைக்காதடா, நில்லுடா" என்று கத்தினார். என் கொழுந்தனார் சாமி வந்திருக்கிறது என்று கற்பூரம் காட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கியது.

இந்த வருடமும் அப்படி நிறுத்தலாமா? குடித்த அன்றைக்கு மாத்திரை போடலாமா கூடாதா? நாத்தனார் ஒரு பவுடர் சொல்கிறார்கள், அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்தால் குடியே பிடிக்காமல் போய்விடுமாம். கொடுக்கலாமா?

ரிடையர்டு சுபேதார், மர்ஃபி டவுன்

தங்கச்சி, முதலில் பவுடரைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். நானும் சாப்பர்தான், உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ராணுவ எஞ்சினியர் படைக்காரன். எனக்கும் இதே நடுக்கம், இதே வேர்வை, இல்லாத ஆளைப் பார்த்தது எல்லாம் வந்தது. என் வீட்டிலும் முதலில் சாமி, பேய் என்றுதான் பேசினார்கள். பல வருடம் தினமும் ஊற்றிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் மூளை கட்டுக்கு மீறி ஓடும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது. இதில் உயிர் போனவர்கள் உண்டு. போன வருடம் தப்பியதை வைத்து இந்த வருடமும் தப்பிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை இப்படி நிறுத்தும்போதும் அடுத்த முறை இன்னும் கடுமையாகும் என்று என் டாக்டர் சொன்னார்.

எனக்கு வார்டில் சேர்த்துத்தான் நிறுத்தினார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை சிஸ்டர் வருவார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரலை விரிக்கச் சொல்வார்கள். நடுக்கத்தைப் பார்த்து, உள்ளங்கையைத் தொட்டு வேர்வை பார்த்து, இது என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அந்தக் கணக்குப்படிதான் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். இதை வீட்டில் யார் செய்வது?

அவர் டாக்டரிடம் ஏன் மறைத்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சர்வீஸில் ஷேப் ஒன் (SHAPE-1, முழுத் தகுதி என்ற மெடிக்கல் கேட்டகிரி) போய்விட்டால் புரமோஷன் போச்சு, கோர்ஸ் போச்சு. அதில் முதல் எழுத்தே மனநிலைக்கானது. "சைக் கேஸ்" என்று பெயர் விழுந்தால் லங்கரில் (ராணுவச் சமையல்கூடத்தில்) சாப்பிடும் இடத்தில்கூடப் பார்வை மாறும். இருபது வருடம் மறைத்துப் பழகிய வாய் அது. இப்போது கேட்டகிரியும் கிடையாது, மெடிக்கல் போர்டும் கிடையாது. டாக்டரிடம் குடியைச் சொன்னதற்காகப் பென்ஷனில் ஒரு ரூபாய் குறையாது. இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். இன்னொரு சாப்பர் வாயால் கேட்க வேண்டும் என்றால் நான் வருகிறேன், அல்சூர் ஒன்றும் தூரமில்லை.

மாலை விஷயம். நான் கன்னிசாமியாகப் போனதிலிருந்து ஒரே குருசாமிதான். அவர் சொல்வது இது: கார்த்திகை ஒன்றாம் தேதிதான் போட வேண்டும் என்றில்லை. ஜனவரி 14 மகரஜோதி என்று வைத்துக்கொண்டால், டிசம்பர் நாலாம் தேதிக்குள் போட்டாலே 41 நாள் விரதம் கிடைத்துவிடும். இப்போதே போய் வார்டில் சேர்ந்து, உடம்பைச் சரிசெய்துகொண்டு, டாக்டர் சரி என்றதும் மாலை போடட்டும். மாத்திரை போட்டால் விரதம் கெடாது. ஒருவேளைச் சாப்பாடு மட்டும் இந்த வருடம் வேண்டாம், வயிற்றைக் காயப்போடும் உடம்பு அல்ல அது.

ஸ்டாஃப் நர்ஸ், பெங்களூரு

அக்கா, நான் ஒரு போதை மறுவாழ்வு வார்டில் வேலை பார்க்கிறேன். மாத்திரை பற்றி மட்டும் சொல்கிறேன்.

க்ளோனசெபாமும் ரம்மும் சேர்ந்தால்தான் பெரிய பயம். இரண்டுமே மூச்சை மந்தமாக்கும், தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போகலாம். அதற்காக அதைத் திடீரென்று நிறுத்துவதும் தப்பு, தொடர்ந்து சாப்பிட்டவர் நிறுத்தினால் அதற்கும் தனியாக ஃபிட்ஸ் வரலாம். எனவே எந்த அளவு, குடித்த ராத்திரி என்ன செய்வது என்பதை உண்மைக் கணக்கைக் கேட்ட டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். அதுவரை போதையில் இருப்பவருக்கு அந்த மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். செர்ட்ரலின் வேறு வகை. அது பிடிக்கவே சில வாரம் ஆகும், தினமும் போட்டால்தான். நாள் விட்டு நாள் போட்டால் தலைசுற்றலும் எரிச்சலும்தான் மிச்சம். மேலே ரம் வேறு மனச்சோர்வை ஏற்றுகிறது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று அவர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தெரியாமல் கலக்கும் பவுடர்களில் டைசல்ஃபிரம் என்ற, குடியை விட வைக்கும் மருந்து இருக்கக்கூடும். நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் கொடுப்பது. தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும். இருமல் சிரப்பில் உள்ள ஆல்கஹால்கூட ஆகாது.

இன்னொன்று. சோர்வாக இருக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். நெடுநாள் குடித்தவர்களுக்கு முதலில் தயமின், அதாவது பி1 ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ். மாற்றிச் செய்தால் மூளை நரம்பு பாதிக்கலாம்.

ஹவில்தார் வீட்டம்மா, அல்சூர்

அண்ணா, சிஸ்டர், இரண்டு பேருக்கும் நன்றி. பென்ஷன் விஷயத்தை அவரிடம் காட்டினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். "சாப்பரா? எந்தக் கம்பெனி?" என்று மட்டும் கேட்டார். கோபப்படவில்லை. திங்கள்கிழமை வரத் தயார் என்கிறார், ஆனால் அதுவரை குடிக்காமல் இருந்து காட்டுகிறேன் என்கிறார். இருக்கட்டுமா? போன வருடம் ஆளைப் பார்த்துக் கத்தியதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ?

ஸ்டாஃப் நர்ஸ், பெங்களூரு

கட்டாயம் சொல்லுங்கள். அக்கா, எங்களுக்கு மிக முக்கியமான தகவலே அதுதான். முன்பு ஒரு தடவை அப்படி வந்தவரை வீட்டில் வைத்து நிறுத்தச் சொல்ல மாட்டோம், படுக்கை போட்டுவிடுவோம். அது பைத்தியமும் இல்லை. 2017 மனநலச் சட்டப்படி அவர் விவரத்தை வெளியே சொல்லாமல் காப்பது மருத்துவமனையின் கடமை.

திங்கள் வரை தானாக நிறுத்த வேண்டாம். குடிக்கச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் திடீரென்று விட்டால் ஞாயிறு ராத்திரி வீட்டிலேயே ஃபிட்ஸ் வரலாம். முடிந்தால் திங்கள் வரை காத்திருக்காதீர்கள். ஹொசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். கை நடுக்கம் அதிகமாகி, பேச்சு குழம்பினால் 108. ராத்திரியில் யோசனை கேட்க 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ரிடையர்டு சுபேதார், மர்ஃபி டவுன்

தங்கச்சி, போகும்போது ஈ.சி.எச்.எஸ். கார்டு, ராணுவ டிஸ்சார்ஜ் புக், மாத்திரை அட்டைகள் (பாதி தீர்ந்ததை அப்படியே, எத்தனை விட்டிருக்கிறார் என்று டாக்டருக்குத் தெரியட்டும்), கடைசியாகக் குடித்த நேரம் எழுதிய சீட்டு. அவசரம் என்றால் ரெஃபரலுக்குக் காத்திருக்க வேண்டாம், முதலில் சேருங்கள், ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு உடனே தகவல் கொடுத்துவிடலாம். ரம் வாங்கும் ராணுவக் கேன்டீன் கார்டை அவரே உங்கள் கையில் கொடுக்கட்டும், நீங்களாகப் பிடுங்க வேண்டாம். திங்கள் என்றால் திங்கள், இன்று ராத்திரி என்றால் இன்று ராத்திரி, ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்டாராமே, அதை நேரில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.