ராயக்கோட்டை – பெங்களூர் தக்காளி லோடு: பிக்கப்பில் எவ்வளவு ஏற்றலாம், பர்மிட் வேணுமா?

பாலக்கோடு பிக்கப்:
வணக்கம். ஆர்.சி.யில் வெற்று எடை 1,730 கிலோ, மொத்த எடை 2,960 கிலோன்னு இருக்கு. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றி ஓசூர், அத்திப்பள்ளி வழியா பெங்களூர் போகணும். 65 கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) தாராளமா ஏறும்னு மண்டியில் சொல்றாங்க. கர்நாடகாவில் எடைக் கணக்கு வேறயா? தனி பர்மிட் எடுக்கணுமா? பின்னாடி ஸ்பிரிங்கில் ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா லோடு கூட்டிக்கலாமா? சீசனில் மாம்பழக் கூழும் ஏற்ற வேண்டி வரும்.

மேலுமலை44:
எடை விதி மத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. எல்லை தாண்டினாலும் மாறாது. உங்க ஆர்.சி.யில் இருக்கும் 2,960தான் எல்லையில் ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் பேசும்.

2,960இல் 1,730 கழித்தால் 1,230 வருது இல்லையா, அது முழுக்க சரக்குக்குன்னு நினைச்சுடாதீங்க. சட்டத்தில் வெற்று எடைங்கறதில் டிரைவரும் உதவியாளும் சேர மாட்டாங்க. அவங்க ரெண்டு பேருக்கு 150 கிலோ. பதிவுக்கு அப்புறம் நீங்க ஏத்தின சைடு கிரில், தார்ப்பாய், கயிறுக்கு ஒரு 80 வையுங்க. மிச்சம் 1,000. கிரேட்டுக்கு 25 கிலோ பழம், காலி கிரேட் 2 கிலோன்னு வெச்சா 37 கிரேட். அவ்வளவுதான்.

65 கிரேட்னா 1,755 கிலோ, அதாவது 755 கிலோ அதிகம். பிரிவு 194இல் அபராதம் 20,000 ரூபாயில்தான் ஆரம்பிக்குது. அதுக்கு மேல் கூடுதல் எடைக்கு டன்னுக்கு 2,000. அதனால் 200 கிலோ அதிகமா இருந்தாலும் அடி கிட்டத்தட்ட அதே அடிதான். கூடுதல் சரக்கை இறக்குற செலவும் உங்க தலையில், இறக்காம வண்டியை விடக் கூடாது. பாதி வழியில் இறக்கி வெச்ச தக்காளி என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டினவர் மட்டும் இல்லை, ஓட்ட வெச்சவரும் அந்தப் பிரிவில் வருவார்.

எடை போடச் சொன்னா போட்டுடுங்க. போற வழியில் 10 கி.மீ.க்குள் எடைமேடை இருந்தா அங்கே வரச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. நிறுத்தாம போனாலோ மறுத்தாலோ 40,000.

கே.ஆர்.பி.டேம்:
பர்மிட் விஷயத்தில் கோடு 3,000 கிலோ. மொத்த எடை அதுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பிரிவு 66(3)படி பர்மிட்டே தேவையில்லை, எந்த மாநிலத்துக்குள்ளேயும். உங்களுடையது 2,960, தப்பிச்சீங்க. 1.7 டன் ரக பிக்கப் வாங்குறவங்க இதைப் பார்க்கறதே இல்லை. அதெல்லாம் 3,000ஐத் தாண்டிடும், அப்புறம் கர்நாடகா ஆந்திரா போக நேஷனல் பர்மிட். வருஷக் கூட்டுக் கட்டணமே 16,500.

பர்மிட் வேண்டாம்னா வரியும் வேண்டாம்னு அர்த்தம் இல்லை. பரிவாஹன் தளத்தில் எல்லை வரிப் பக்கத்தில் கர்நாடகாவைத் தேர்ந்தெடுத்து வண்டி நம்பர் போட்டுப் பாருங்க. தொகை காட்டினா கட்டி ரசீதை போனில் வெச்சுக்கோங்க. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எம்பரிவாஹன் ஆப்பில் காட்டினாலே செல்லும். லைசென்ஸ் எல்.எம்.வி. (இலகு ரக வாகனம்) போதும், 7,500 கிலோ வரை. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வும் அதையே சொல்லிடுச்சு.

புதுத் தக்காளிக்கு இ-வே பில் (ஜி.எஸ்.டி.யில் சரக்கு கொண்டு போக எடுக்கும் ஆன்லைன் சீட்டு) வேண்டாம். மாம்பழமும் அப்படியே. டின், டிரம்மில் அடைச்ச கூழுக்கு வேணும், மதிப்பு 50,000 தாண்டினா. கூழ் டிரம் ஒண்ணு உள்ளே 215 கிலோ வாக்கில் இருக்கும், டிரம்மோட சேர்த்து 230 தாண்டும். உங்க வண்டிக்கு நாலு டிரம். அஞ்சாவதுக்கு ஒத்துக்காதீங்க.

பாலக்கோடு பிக்கப்:
ரொம்ப நன்றிங்கண்ணா. பட்டை போடறதைப் பத்தி யாரும் சொல்லலையே?

சூளகிரி பட்டறை:
பட்டை பத்து போட்டாலும் ஆர்.சி.யில் நம்பர் மாறாது தம்பி. ஆபத்து வேற இடத்தில் இருக்கு. நிறைய பிக்கப்பில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவில் ஒரு கம்பி போய் ஒரு வால்வில் சேரும், எல்.எஸ்.பி.வி.ன்னு சொல்வாங்க. பின்பக்கம் எவ்வளவு அமுங்குதுன்னு பார்த்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை சேர்த்தா லோடு இருந்தும் வண்டி அமுங்காது. காலி வண்டின்னு நினைச்சு வால்வு பின் பிரேக்கைக் குறைச்சுடும். முன் பிரேக்கே எல்லாத்தையும் தாங்கணும். ஓசூரில் இருந்து லோடோட திரும்பி மேலுமலை இறங்கும்போது பிரேக் டிஸ்க் சூடாகி பெடல் பஞ்சாயிடும். ஏற்கெனவே போட்டிருந்தா கழட்டுங்க. முடியலைன்னா அந்தக் கம்பியைக் கம்பெனி அளவுக்கு மறுபடி செட் பண்ணச் சொல்லுங்க.

சரக்கை கேபின் பக்கம் ஒட்டி அடுக்குங்க. பின் கதவைத் திறந்து போட்டு அதுக்கு மேல் கிரேட் அடுக்கினா முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். அது போக, சரக்கு வெளியே நீட்டினதுக்கு 194(1ஏ)இல் தனியா 20,000.

மேலுமலை44:
ஒண்ணு விட்டுப்போச்சு. மண்டியில் சொல்ற கிரேட் எடையை நம்பாம ஒரு தடவை எடைமேடைக்குப் போங்க. டேங்க் நிரப்பி, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய் எல்லாம் வெச்சு, ஆள் இறங்கி, காலி வண்டியைப் போடுங்க. அந்தச் சீட்டு எடை 1,730ஐ விட எவ்வளவு கூடுதோ, அந்த 80க்குப் பதிலா அதைக் கழிச்சுக்கோங்க. பெரிய லாரி மேடை பெரும்பாலும் 10 கிலோ படியாத்தான் காட்டும், அதனால் கணக்கை நுனி வரைக்கும் இழுக்காதீங்க, 35 கிரேட்டில் நிறுத்துங்க. லோடு ஏத்தின பிறகு முதலில் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரம் மட்டும் மேடையில் நிக்கற மாதிரி இன்னொரு எடை. ரெண்டுக்கும் வித்தியாசம்தான் முன் ஆக்ஸில் எடை. மழை நாளில் தக்காளி நனைஞ்சு வந்தா கிரேட்டுக்கு ஒரு கிலோ கூடவே போட்டுக்கோங்க.