வெளிக் கடையில் திறந்த போனை கம்பெனி சர்வீஸ் எடுக்குமா? ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:
வணக்கம். சிட்னிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த வாரம் இங்கேயே வாங்கிய ஐபோன் 13. கண்ணாடி உடைந்ததால் ஷாப்பிங் சென்டர் கியோஸ்க் ஒன்றில் டிஸ்ப்ளே மாற்றினேன். இப்போது சார்ஜ் ஏறுவதில்லை. "வெளியில் திறந்துவிட்டாய், இனி வாரண்டி கிடையாது" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? முதலில் எங்கே போவது?

பதில்:
வாரண்டி போகவில்லை. ஆனால் இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. கம்பெனி தானாகத் தரும் வாரண்டி ஒன்று. ஐபோனுக்கு அது ஒரு வருடம். இன்னொன்று, ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதம். இதற்கு இத்தனை மாதம் என்ற கணக்கே கிடையாது. அந்த விலைக்கு வாங்கிய பொருள் நியாயமாக எவ்வளவு காலம் உழைக்க வேண்டுமோ அதுவரை செல்லும். எந்தக் கம்பெனியும் எதையாவது எழுதி இதை ரத்து செய்துவிட முடியாது.

உங்கள் கேள்விக்கு இங்கே தீர்ப்பே இருக்கிறது. வெளியில் டிஸ்ப்ளே மாற்றிய ஐபோன்களும் ஐபேடுகளும் ஐஓஎஸ் அப்டேட் போட்டதும் "எரர் 53" காட்டிச் செத்துப்போன காலம் ஒன்று உண்டு. 2015 பிப்ரவரிக்கும் 2016 பிப்ரவரிக்கும் இடையில், வெளியாள் ரிப்பேர் செய்ததால் உங்களுக்குத் தீர்வு கிடையாது என்று குறைந்தது 275 ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி வழக்குப் போட்டது. 2018 ஜூனில் ஃபெடரல் கோர்ட் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வேறொருவர் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்தால் சட்ட உத்தரவாதம் முடிந்துபோகாது என்பதுதான் அதன் சாரம்.

அதற்காக எல்லாமே இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். கியோஸ்க்காரர் கெடுத்ததைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்யாது, செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே உங்கள் வேலையெல்லாம் ஒரே கேள்வியில்தான் இருக்கிறது: இந்தப் பழுது டிஸ்ப்ளே மாற்றியதால் வந்ததா, அதற்குச் சம்பந்தமில்லாததா?

அதை வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். போனை அணைத்து, சார்ஜிங் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையின் நூல் தூசி அடியில் கெட்டியாக அமுங்கியிருந்தால் கேபிள் முழுதாக உள்ளே போகாது. மரத்தாலான பல் குத்தும் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள், ஊசியோ பின்னோ வேண்டாம். பிறகு வேறு கேபிள், வேறு அடாப்டர். அதற்கும் மசியாவிட்டால் வயர்லெஸ் சார்ஜரில் வையுங்கள். வயர்லெஸ்ஸில் ஏறி, கேபிளில் ஏறவில்லை என்றால் பழுது பெரும்பாலும் சார்ஜிங் போர்ட் பக்கம். டிஸ்ப்ளே மாற்றும்போது அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, ஆகவே உங்கள் பக்கம் பலமாகிறது. இரண்டிலுமே ஏறவில்லை என்றால் பேட்டரி, அதன் கனெக்டர் அல்லது போர்டு (போனின் முக்கிய சர்க்யூட் பலகை). டிஸ்ப்ளேயைக் கழற்றும் முன் பேட்டரி கனெக்டரைத்தான் முதலில் பிடுங்குவார்கள். திரும்ப அழுத்தும்போது முழுதாக உட்காராமல் போயிருக்கலாம். அப்படியானால் முதலில் கியோஸ்க்குக்கே போங்கள். நல்ல டெக்னீஷியனுக்குச் சில நிமிட வேலை.

பதில்:
மேலே சொன்னதோடு, கம்பெனி சர்வீஸ் கவுன்டரில் என்ன பார்ப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் பாகங்கள், சர்வீஸ் வரலாறு என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் மாடலில் பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா மூன்றுக்கும் காட்டும். வெளிப் பாகம் போட்டிருந்தால் "அன்நோன் பார்ட்" என்று வரும். எதையும் மாற்றாத போனில் இந்தப் பகுதியே தெரியாது. இதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். "டிஸ்ப்ளே மட்டும் வெளியில் மாற்றினேன், பில் இதோ" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

அடுத்து சிம் தட்டை உருவி உள்ளே லைட் அடிப்பார்கள். தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் சிறு பட்டை அங்கே இருக்கிறது. வெளிக் கடைகளில் பொதுவாக நடக்கும் தப்பு இங்கேதான் மாட்டிவிடும்: திரையைச் சுற்றியுள்ள ஒட்டுப் பட்டையைப் புதிதாகப் போடாமல் அப்படியே மூடிவிடுவது. போன் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் நீர்த்தடுப்பு போய்விட்டது. சமையலறை ஈரமே மெல்ல உள்ளே போகப் போதும். பட்டை சிவந்திருந்தால் கம்பெனி வாரண்டியில் வாதாடி நேரம் வீணாக்காதீர்கள், அது ரிப்பேர் கடையோடு பேச வேண்டிய விஷயம்.

திறந்தால் ஸ்க்ரூவையும் பார்ப்பார்கள். உள்ளே கனெக்டர்களை மூடும் தகட்டின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் போர்டுக்குள் இருக்கும் மெல்லிய செம்புப் பாதை அறுந்துபோகும். இதற்கு ரிப்பேர்க்காரர்களிடம் 'லாங் ஸ்க்ரூ டேமேஜ்' என்றே பெயர். அதேபோல் ஐபோன் X முதல் 12 வரை காது ஸ்பீக்கர் பட்டை திரையோடு ஒட்டியிருக்கும். பழைய திரையிலிருந்து புதியதற்கு மாற்றும்போது அது கிழிந்தால், முகம் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி போச்சு. 13ல் அதைத் திரையிலிருந்து பிரித்துவிட்டார்கள், உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

வெளிப் பாகம் இருந்தாலே தொடமாட்டேன் என்று ஆப்பிள் சொன்ன காலம் மலையேறிவிட்டது. வெளியே கசிந்த உள் வழிகாட்டிகளின்படி 2017ல் வெளித் திரை போட்ட போன்களையும், 2019ல் வெளி பேட்டரி போட்டவற்றையும் சர்வீஸுக்கு எடுக்கத் தொடங்கினார்கள். வெளி லாஜிக் போர்டு (முன்பு சொன்ன அதே போர்டு), வெளி பாடி, வெளி சார்ஜிங் கனெக்டர் போன்றவை போட்டிருந்தால் கதை வேறு. ஒரு செலவுக்குத் தயாராக இருங்கள்: போனைத் திறக்க உங்கள் வெளித் திரையைக் கழற்ற வேண்டும். அது கழற்றும்போது உடைந்தால், அல்லது சோதனைக்கு ஒத்துழைக்காவிட்டால், புதுத் திரைக்கான வாரண்டி இல்லாக் கட்டணம் உங்கள் தலையில் விழலாம். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி:
நன்றி அண்ணா. போர்ட் பழுதாகத்தான் தெரிகிறது, வயர்லெஸ்ஸில் ஏறுகிறது. நேரே ஆப்பிளுக்கா, வாங்கிய கடைக்கா?

பதில்:
இரண்டும் உங்கள் விருப்பம். ஆனால் விற்ற கடை "கம்பெனியிடம் போங்கள்" என்று கைகழுவ இங்கே சட்டம் விடாது. சிறிய பழுது என்றால் நியாயமான நேரத்தில் அவர்கள் சரிசெய்து தர வேண்டும். பெரிய பழுது என்றால் பணமா, மாற்றுப் போனா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. டெலிகாம் பிளானோடு மாதத் தவணையில் வாங்கியிருந்தால் விற்றவர் அந்த டெலிகாம்தான். அங்கே சிக்கலானால் டெலிகாம் ஆம்பட்ஸ்மன் (டெலிகாம் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பு) என்ற தனி இலவச வழி உண்டு.

மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "எந்தப் பாகம் பழுது, வெளித் திரை அதற்கு எப்படிக் காரணமானது என்று எழுதித் தர முடியுமா?" போர்ட் பழுதுக்குத் திரை எப்படிக் காரணம் என்று எழுதுவது யாருக்கும் சுலபமில்லை. பல மறுப்புகள் இந்தக் கேள்வியிலேயே இளகிவிடும். இளகாவிட்டால் மேலாளருக்கு ஈமெயில்: வாங்கிய தேதி, விலை, ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்), பழுது தொடங்கிய நாள், திரை மாற்றிய பில், வயர்லெஸ்ஸில் ஏறும் கேபிளில் ஏறாது என்று காட்டும் சிறு வீடியோ, உங்களுக்கு என்ன வேண்டும், பதிலுக்கு 14 நாள் கெடு. அதற்கும் அசையாவிட்டால் நியூ சவுத் வேல்ஸில் (சிட்னி இருக்கும் மாநிலம்) ஃபேர் டிரேடிங் என்ற மாநில நுகர்வோர் அலுவலகம், புகாருக்குக் கட்டணமில்லை. கடைசியாக என்கேட் தீர்ப்பாயம், அதற்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு. விக்டோரியாவில் இருப்பவர்களுக்குக் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் அலுவலகமும் விகேட் தீர்ப்பாயமும்.

கியோஸ்க்காரரும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறார். வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். விவரமான பில் கேட்க உங்களுக்கு 30 நாள் இருக்கிறது, கேட்டால் ஏழு நாளில் இலவசமாகத் தர வேண்டும். அடுத்தமுறை அதில் என்ன வகைத் திரை என்று எழுதச் சொல்லுங்கள்: ஒரிஜினலா, ரீஃபர்பிஷ்டா, ஓஎல்இடியா, மலிவான இன்-செல் எல்சிடியா. கழற்றிய பழைய திரையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போனைக் கொடுக்கும் முன் பேக்அப் எடுக்க மறக்காதீர்கள், அழித்துத்தான் தருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்கோடைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே வேண்டாம். ஐஓஎஸ் 17.5 முதல், தொலைந்த போனைத் தேடும் "ஃபைண்ட் மை" வசதியை அணைக்காமலே போனை ரிப்பேர் நிலைக்கு மாற்றலாம். உங்கள் தகவல்களை மறைத்துவைக்க சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட்.

பதில்:
ஊரில இருந்து கொண்டு வந்த போன் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு இங்க வாங்கின சாமானுக்குத்தான். சென்னையிலயோ கொழும்பிலயோ வாங்கினதுக்குக் கம்பெனி வாரண்டி மட்டும்தான், அதுவும் வாங்கின நாட்டோட நிண்டுபோகலாம். ஐபோன் எண்டா அபவுட்டில மாடல் நம்பரப் பாருங்கோ. HN/A எண்டு முடிஞ்சா இந்தியப் போன், X/A எண்டு முடிஞ்சா பெரும்பாலும் இங்கத்தயது. இணையத்தில மலிவா விக்கிற இறக்குமதிப் போனும் இங்கத்தய மாடலா இராது. ஆனா அதை வித்தவர் இங்க கடை நடத்துறவர் எண்டா இந்தச் சட்டத்தில அவரைப் பிடிக்கலாம்.

பழைய போனுக்குக் காசு செலவழிக்க முதல் இன்னொண்டு. 2024 அக்டோபர் கடைசியில இருந்து 3ஜி இல்லை. 000 அவசர அழைப்பு எடுக்க ஏலாத போன்களை நெட்வொர்க்கே மறிச்சுப்போடும். ஐஎம்இஐ நம்பரைக் குடுத்து உங்கட டெலிகாமிட்ட கேட்டுப்போட்டு ரிப்பேருக்குக் குடுங்கோ.

திரை மெல்ல மேல எழும்பி, ஓரத்தில இடைவெளி தெரிஞ்சா அது பேட்டரி உப்பினது. சார்ஜில போடாதேங்கோ, அமத்தி மூடவும் வேண்டாம். தபாலில அனுப்பவும் ஏலாது, பழுதான பேட்டரியை ஆஸ்திரேலியா போஸ்ட் எடுக்காது. கையோட கொண்டு போய்க் குடுங்கோ.