எட்டு மாதம் முடங்கிக் கிடந்தேன், எழுந்த கதையைச் சொல்கிறேன்

போன வருடம் இதே சமயத்தில் நான் பல் தேய்ப்பதற்கே பிற்பகல் இரண்டு மணி ஆகும். மனச்சோர்வு, உற்சாகமின்மை என்று எத்தனை சொல் போட்டாலும் அந்த நிலைமை புரியாது. அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். இரண்டு வருடம் உழைத்த பெரிய வேலை ஒன்று, முடியும் தறுவாயில் அப்படியே கைவிடப்பட்டது. சரி, ஒரு வாரம் ஓய்வெடுப்போம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் எட்டு மாதமாக நீண்டுவிட்டது.

ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. முதலில் மாலை நடை நின்றது. அப்புறம் நண்பர்களுக்குப் பதில் போடுவது நின்றது. பிறகு மின்னஞ்சலைத் திறப்பதே நின்றுபோனது. படிக்காத மடல்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போகும், நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நான் வீட்டில் சும்மா இருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அந்த எட்டு மாதமும் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்: மனசு ஒன்றினால் போதும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். இரவில் உற்சாகமூட்டும் பேச்சுகளாகத் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒரு மணி நேரம் உடம்பெல்லாம் சூடு ஏறும், நாளையிலிருந்து புது வாழ்க்கை என்று தோன்றும். காலையில் கண் விழித்தால் அதே கட்டில், அதே கனம். இப்போது யோசித்தால், என்னைக் கட்டிப்போட்டதே அந்தக் காத்திருப்புதான்.

மாற்றம் வந்தது ஒரு சிறுவயது நண்பனால். எனக்குப் போன் போட்டுப் பார்த்து, பதில் இல்லாததால் நேரிலேயே வந்துவிட்டான். ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், கிளம்பும்போது "தெருமுனை வரைக்கும் என்கூட வா" என்றான். போனேன். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்ன மாதிரியே வந்தான், பதினோரு நாள் தொடர்ந்து வந்தான். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, அவன் கதவைத் தட்டும் முன்பே நான் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாவது நாள் அவனுக்கு வேலை. நான் தனியாகத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அன்று மனசு வரவே இல்லை, கால்தான் போனது. திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் மனசும் லேசாகக் கூட வந்திருந்தது தெரிந்தது.

மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அவர் என்னிடம் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தேன், அதில் எவ்வளவு நிறைவு இருந்தது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் எழுதினேன். செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு "படுத்திருந்தேன், போன் பார்த்தேன்: 1". நான்கு மணிக்கும் அதே, அதே 1. ஐந்து மணிக்கு "இரண்டு டம்ளர் கழுவினேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்: 4". அந்த நாலைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு என்று நினைத்து நாள் முழுக்கச் செய்த காரியம் எனக்கு எதையுமே தரவில்லை என்பதை என் கையெழுத்தே சொல்லிவிட்டது. அடுத்த வாரம் இன்னொன்றும் சேர்த்தார்: செய்வதற்கு முன்னால் எத்தனை மதிப்பெண் வரும் என்று ஊகித்து எழுதச் சொன்னார். என் ஊகம் அநேகமாக எப்போதும் இரண்டு, மூன்று எண் குறைவாகவே இருந்தது. சோர்ந்த மனசு முன்கூட்டிச் சொல்லும் கணக்கை நம்பக் கூடாது என்று அப்போது பிடிபட்டது.

இதற்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களில் வளர்த்த சிந்தனையிலிருந்து வந்தது. மனசு சோர்ந்தால் செயல் குறைகிறது, செயல் குறைந்தால் மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் குறைகின்றன, அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுற்றைச் செயல் பக்கத்திலிருந்து உடைக்கலாம் என்பதே அடிப்படை. 1996இல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு மனச்சோர்வு உள்ளவர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எண்ணங்களைத் திருத்தும் பயிற்சிகளோடு சேர்ந்த முழுச் சிகிச்சைக்கு, இந்தச் செயல் பகுதி மட்டுமே ஈடாக நின்றது. நானாக நம்பியிருக்கவே மாட்டேன். முதலில் மனசைச் சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் வேலை என்று அத்தனை உறுதியாக இருந்தேன்.

மின்னஞ்சலுக்கும் அதே வழிதான். பத்து நிமிடம் அலாரம் வைத்து, திறந்து படிக்க மட்டும் வேண்டும், பதில் போடத் தேவையில்லை. நான் அதிகம் பயந்த மடல் ஒன்று இருந்தது, பெயரைப் பார்த்தாலே வயிறு கலங்கும். திறந்தால் இரண்டே வரி. வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், நன்றி. நான்கு மாதம் பழைய மடல். முடிந்துபோன ஒன்றுக்காக நான்கு மாதம் தினமும் நடுங்கியிருக்கிறேன்.

*

உங்கள் கதையில் பாதி அப்படியே என் கதை. ஆனால் என் விஷயத்தில் வேறொன்றும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எனக்கும் எழவே முடியாது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் இன்னும் எட்டு மணி நேரம் வேண்டும் போல இருக்கும். கணக்கு வேலை பார்க்கிற எனக்கு ஒரு வரிசையைக் கூட்டி முடிக்க முடியாது. ஆறு மாதம் என்னை நானே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். முடி கொட்டியது, எல்லாருக்கும் வியர்க்கும்போது எனக்குக் குளிரும். இதையெல்லாம் மனசோடு முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. வேறு எதற்கோ போன இடத்தில் மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு சுரப்பு குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு காலை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடியபடி துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாடுகிறேன் என்பதே பாதிப் பாட்டில்தான் தெரிந்தது.

தைராய்டு, இரும்புச்சத்து, வைட்டமின் பி12 மூன்றில் எது குறைந்தாலும் இப்படி ஆளைச் சாய்த்துவிடும். உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாத்திரை எல்லாவற்றையும் தீர்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு சரியான பிறகும் கட்டிலில் கிடக்கும் பழக்கம் போகவில்லை. எனக்கு உதவியது எழும் நேரம். தூங்கும் நேரத்தை நாம் கட்டாயப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். எப்போது தூங்கினாலும் ஆறரைக்கு எழுந்து பத்து நிமிடம் வெளியே நிற்பேன். மேகமூட்டமான காலையில்கூட வெளியில் உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு அந்த வெளிச்சம்தான் நேரம் சொல்கிறது.

*

நான் செவிலியர். கொஞ்சம் மாறுபட்ட அனுபவம்.

சின்னச் சின்னதாகச் செய், நட, எழுது என்று எல்லாரும் எனக்கும் சொன்னார்கள். செய்தேன், இன்னும் மோசமானது. ஏற்கெனவே தாங்க முடியாத அளவு செய்துகொண்டிருந்தவள் நான். தொடர்ந்து இரவுப் பணி, இருவர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவராகப் பார்த்த மாதங்கள். ஒரு இரவு ஒரு நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு உள்ளே எதுவுமே அசையவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, இப்படி ஆகிவிட்டேனே என்று அதற்காக அழுதேன்.

வேலையே ஆளை இப்படி எரித்துத் தீர்த்துவிடுவதை பர்ன் அவுட் என்பார்கள். அந்தச் சொல்லை இந்தப் பொருளில் 1974இல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். இலவச மருத்துவமனையில் தன்னார்வமாக உழைத்தவர்களிடமும் தன்னிடமும் பார்த்ததைத்தான் எழுதினார். உலக சுகாதார அமைப்பின் இப்போதைய நோய்ப் பட்டியல் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலை தொடர்பான நிலை என்கிறது. அடையாளமும் மூன்று சொல்கிறது: வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல் அல்லது கசந்துபோதல், செய்து பயனில்லை என்ற எண்ணம். அதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. கோளாறு முழுக்க எனக்குள்ளேயே இல்லை, வேலை அமைந்த விதத்திலும் இருக்கிறது.

மேலதிகாரியிடம் போய் வாய் திறந்து கேட்டேன். இரவுப் பணியைப் பாதியாகக் குறைத்தார்கள், இரண்டு வாரம் விடுப்பும் கிடைத்தது. முதல் வாரம் வெறும் தூக்கம். இரண்டாவது வாரத்தில்தான் நடை, நண்பர்கள் எல்லாம். கேட்டவுடன் எல்லாருக்கும் கிடைக்காது, தெரியும். ஆனாலும் சுமையைக் குறைக்காமல் மனசை மட்டும் பழுது பார்க்க முடியாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

*

நான் கல்லூரி மாணவன். நான்கு நாள் ஒழுங்காக இருப்பேன், ஐந்தாவது நாள் எல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. இருபத்தொரு நாள் தாண்டினால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, என்னால் ஆறு நாளே தாண்ட முடியவில்லை. இது எப்போது சரியாகும்?

*

முதலில் கதை சொன்னவன்தான் மறுபடி எழுதுகிறேன். தம்பி, அந்த இருபத்தொரு நாள் கணக்கை விட்டுவிடுங்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு ஆறுதல் தந்தது இந்தக் கடைசிச் செய்திதான். ஐந்தாவது நாள் தவறினால் ஆறாவது நாள் என்பது ஆறாவது நாளேதான், மறுபடி முதல் நாள் ஆகாது.

நானும் விழுந்தேன். மூன்றாவது மாதம் ஒன்பது நாள் பழையபடி கிடந்தேன். அப்போது ஒன்று முடிவு செய்தேன்: விழுகிற நாளுக்கென்று ஒரு குறைந்தபட்சம். நடை முடியாவிட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன், தாள் முழுக்க எழுத முடியாவிட்டால் ஒரே ஒரு கட்டம். அது அன்றைய கடமை முடிந்ததாகவே கணக்கு. அதற்கு மேல் என்னை விரட்டுவதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டம் இல்லாமல், தூக்கமும் பசியும் மாறிப்போய் இருந்தால் தனியாகப் போராடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தால்கூட அன்றைக்கே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு அந்த எண்ணம் வந்தது. முதலில் நண்பனிடம் சொன்னேன். அவன் பயந்துபோனது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுந்து போகவில்லை.

இப்போதைக்கு உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று இங்கே ஒரு வரி போடுங்கள். பதினோரு மணி என்றாலும் பரவாயில்லை, அதையே போடுங்கள். என்னுடையதையும் நான் போடுகிறேன்.