ஆடிக் கூழ்: நம்ம தெருக் குழு

*வியாழன்*

செயலாளர் சார், இரவு 8:05
எல்லாருக்கும் வணக்கம். ஆடி 3-ம் ஞாயிறு கூழ் வார்க்கிறோம். 300 பேர்னு வெச்சுக்கலாம். இதுவரைக்கும் வந்த யோசனை: ஃப்ளெக்ஸ் 2, சீரியல் லைட் 3 நாளைக்கு, பாக்ஸ் ஸ்பீக்கர், வர்றவங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா. டப்பா மூடியில நன்கொடை குடுத்தவங்க பேர். வேற யாருக்காவது வேற யோசனை இருந்தா இன்னிக்கே சொல்லிடுங்க.

மூலை வீட்டு தம்பி, இரவு 8:09
டப்பா இப்ப ஆடித் தள்ளுபடியில பாதி விலை சார். 300 மொத்தமா எடுத்தா இன்னும் குறைப்பாங்க 👍

கோயில் பக்கத்து அம்மா, இரவு 8:16
தம்பி, டப்பா வேணாம்ப்பா. கூழுக்கு வர்றவங்க தூக்கும் சொம்பும் எடுத்துட்டு வருவாங்க, அதுதான் பழக்கம். ஆடி விதைக்கிற மாசம். வீட்டுல இருந்த தானியம் விதைக்குப் போயிடும், அடுத்த அறுப்புக்கு இன்னும் நாள் கிடக்கும். குதிர் காலியா இருக்கிற அந்த நேரத்துலதான் ஊரே சேர்ந்து கேழ்வரகைப் போட்டுக் கூழ் காய்ச்சி, இருக்கறவங்க இல்லாதவங்க எல்லாரும் ஒரே கொப்பரையில வாங்கிக் குடிச்சாங்க.

மாடி வீட்டு டீச்சர், இரவு 8:21
அந்தத் தள்ளுபடியும் இதே மாசத்தைப் பிடிச்சு வந்ததுதான். ஆடியில கல்யாணம் வெக்க மாட்டாங்க, துணிக்கடைக்குக் கூட்டம் வராது. தேங்கின சரக்கை நகர்த்த விலையைக் குறைச்சாங்க. இருக்கறதைப் பகிர்ந்துக்கன்னு வெச்ச மாசம், தேவையில்லாததை வாங்கிச் சேக்கிற மாசமா மாறிடுச்சு. கூழ் வார்க்கிற இடத்துக்கும் அது வந்துடக் கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

மூலை வீட்டு தம்பி, இரவு 8:23
சரி டீச்சர். அப்ப பேப்பர் கப்? அது பிளாஸ்டிக் இல்லையே.

மாடி வீட்டு டீச்சர், இரவு 8:26
கப்போட உள்பக்கத்தை நகத்தால சுரண்டிப் பாருங்க தம்பி, மெல்லிசா ஒரு தோல் உரியும். அது பிளாஸ்டிக் பூச்சு. பூச்சு இல்லாத வெறும் காகிதம் கூழை ரெண்டு நிமிஷம் தாங்காது. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேருந்து தடை பண்ணின பொருள்கள்ல பிளாஸ்டிக் பூசின காகிதக் கப்பும் உண்டு.

கடைசி வீட்டு அக்கா, இரவு 8:28
தொன்னை?

சமையல் மாஸ்டர் அண்ணன், இரவு 8:31
தொன்னை பொங்கலுக்கும் சுண்டலுக்கும் சரிம்மா. கூழு தண்ணியா இருக்கும், மடிப்புல கசிஞ்சு முழங்கை வரைக்கும் ஓடும். எவர்சில்வர் டம்ளர்தான் நிக்கும். 300 பேரும் ஒரே நேரத்துல வர மாட்டாங்க. ரெண்டு மணி நேரம் ஊத்தறோம்னா 100 டம்ளர் மூணு சுத்து வரும், போதும். வீட்டுக்கு 4 டம்ளர் குடுத்தா 30 வீட்டுல 120 சேந்துடும். அடியில அவங்கவங்க கலர்ல ஒரு நூல் கட்டிடுங்க. பெயிண்ட்ல எழுத வேணாம், தேய்க்கறப்ப உரியும்.

கழுவ மூணு அன்னக்கூடை வரிசையா வைங்க. முதல்ல சோப்புத் தண்ணி, அடுத்தது நல்ல தண்ணி, மூணாவது சுடுதண்ணி. கூழு காய்ஞ்சுடுச்சுன்னா சிமெண்டு மாதிரி ஒட்டிக்கும். அதனால குடிச்ச உடனே டம்ளரை முதல் கூடைக்குள்ள போட்டுடணும், மேசை மேல அடுக்கக் கூடாது. ஒவ்வொரு 100 டம்ளருக்கும் முதல் ரெண்டு கூடைத் தண்ணியை மாத்தணும். இதுக்கு மட்டும் 3 பேர் நிக்கணும்.

மூலை வீட்டு தம்பி, இரவு 8:33
கழுவற வேலை எங்க பசங்க பாத்துக்கறோம் அண்ணே.

செயலாளர் சார், இரவு 8:40
நல்லது. இப்ப கூழுக்கு வருவோம். மாஸ்டர் மொத்தமா ஒரே இடத்துல காய்ச்சறாரா, இல்ல வீட்டுக்கு வீடு காய்ச்சிக் கொண்டு வர்றதா?

சமையல் மாஸ்டர் அண்ணன், இரவு 8:44
மொத்தமா செஞ்சா ருசி ஒரே மாதிரி வரும் சார். 7 கிலோ கேழ்வரகு மாவு, 2 கிலோ நொய். ரெண்டு அண்டாவாப் பிரிச்சுப் போடணும். 7 கிலோவையும் ஒண்ணுல போட்டா களி இறுகறப்ப துடுப்பு நகராது, நடுவுல மாவு வேகாமக் கட்டி கட்டியா நின்னுடும்.

கோயில் பக்கத்து அம்மா, இரவு 8:52
மாஸ்டர் சொல்றது சமையலுக்குச் சரி. ஆனா கூழ் வார்க்கிறதோட உசிரே வீட்டுக் குடம்தாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் காய்ச்சி, குடத்துக் கழுத்துல வேப்பிலை கட்டி எடுத்துட்டு வந்து கோயில் கொப்பரையில ஊத்துவாங்க. ஊத்தினதும் எது யார் வீட்டுக் கூழுன்னு தெரியாது. குடுத்தவங்களும் அதே கொப்பரையிலேருந்துதான் வாங்கிக் குடிக்கணும். தானம் குடுத்தேன்னு யாரும் நெஞ்சு நிமித்த முடியாது, வாங்கினேன்னு யாரும் தலை குனிய வேண்டாம். நன்கொடையாளர் பேரை டப்பாவுல அச்சடிச்சா அந்த ஒண்ணு போயிடும்.

கடைசி வீட்டு அக்கா, இரவு 8:55
அம்மா சொல்றதுதான் எனக்கும் மனசுக்குப் பிடிச்சிருக்கு 🙏

சமையல் மாஸ்டர் அண்ணன், இரவு 9:01
எனக்கும் சம்மதம். ஆனா 30 குடத்துல ஒரு குடம் கெட்டிருந்தாலும் கொப்பரை மொத்தமும் போச்சு. அதனால நாலு கட்டுப்பாடு. உப்பு போடக் கூடாது, மோர் சேக்கக் கூடாது, வெங்காயம் போடக் கூடாது, களியாவே கொண்டு வரணும். கரைக்கிறது, உப்பு, மோர் எல்லாம் கோயில்ல ஒரே கையா நடக்கட்டும். கொப்பரையில கொட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குடத்தையும் நான் மோந்து, கரண்டியில ஒரு சொட்டு வாயில வெச்சுப் பாப்பேன். யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது.

செயலாளர் சார், இரவு 9:03
யாரும் எடுத்துக்க மாட்டாங்க மாஸ்டர். முறையை எழுதிடுங்க, பின் பண்றேன்.

சமையல் மாஸ்டர் அண்ணன், இரவு 9:24
ஒரு வீட்டு அளவு: கேழ்வரகு மாவு கால் கிலோ, பச்சரிசி நொய் 65 கிராம்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு மாவை 650 மில்லி பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு மூடி வைங்க. சாயங்காலம் 6 மணிக்குள்ள புளிச்சுடும். வெள்ளிக்கிழமை ராத்திரியே கரைச்சு வெக்காதீங்க. இந்த வெயிலுக்கு அது சனி சாயங்காலம் பல்லு கூசற அளவுக்குப் புளிக்கும். பாத்திரம் மண்சட்டி, இல்லேன்னா எவர்சில்வர். அலுமினியத்துல வேணாம், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். பாத்திரத்துல மூணுல ரெண்டு பங்குதான் இருக்கணும், பொங்கி வரும்.

சாயங்காலம் அடிகனமான பாத்திரத்துல 750 மில்லி தண்ணி கொதிக்க விட்டு நொய்யைப் போட்டுக் குழைய வேக விடுங்க. நொய் அரை வேக்காட்டுல இருக்கறப்ப மாவை ஊத்திட்டா அப்புறம் அது வேகவே வேகாது, பல்லுல கல்லு மாதிரி கடிபடும். குழைஞ்சதும் தீயைக் குறைச்சு, புளிச்ச மாவை அடிவரைக்கும் கலக்கி, ஒரு கையால ஊத்திக்கிட்டே இன்னொரு கையால கிண்டுங்க. 20, 25 நிமிஷம் கையை எடுக்கக் கூடாது. நிறம் கறுத்து, பளபளன்னு திரண்டு வரும். விரலைத் தண்ணியில நனைச்சுத் தொட்டுப் பாருங்க. ஒட்டலேன்னா வெந்துடுச்சு. ஒட்டினா இன்னும் கிண்டணும். வேகாத கேழ்வரகு வயித்தை வலிக்க வைக்கும்.

இறக்கினதும் தட்டு போட்டு மூடாதீங்க. ஆவி வேர்த்து மேல சொட்டும், அந்த ஈரத்துலதான் முதல்ல கெடும். மெல்லிசு துணி கட்டி ஆற விட்டு, முழுசா ஆறின பிறகு களி மேல ஒரு டம்ளர் கொதிச்சு ஆறின தண்ணி ஊத்தி மூடுங்க. காலையில புளிச்ச வாசம் வரணும், அது நல்லது. நூலு இழுத்தாலோ, வழவழன்னு இருந்தாலோ, மேல கறுப்பா இளஞ்சிவப்பாத் திட்டு தெரிஞ்சாலோ கொண்டு வர வேணாம்.

செயலாளர் சார், இரவு 9:26
பின் பண்ணியாச்சு 📌

கடைசி வீட்டு அக்கா, இரவு 9:30
நைட் ஷிஃப்ட் போற வீடு என்ன பண்றது மாஸ்டர்? சனிக்கிழமை சாயங்காலம் ஆளே இருக்க மாட்டாங்க.

கோயில் பக்கத்து அம்மா, இரவு 9:33
மாவும் நொய்யும் பக்கத்து வீட்டுல குடுத்துடட்டும். காசாக் குடுக்க வேணாம், மாவாக் குடுக்கட்டும். மாவு இல்லாதவங்க வேப்பிலை பறிச்சுக் குடுத்தாக்கூட அது அவங்க பங்குதான்.

*வெள்ளி*

பால்கார அண்ணன், காலை 6:12
மோருக்கு என்கிட்ட சொல்லுங்க. 30 வீட்டுக் களி 45 கிலோ பக்கம் வரும். அதுக்கு 20 லிட்டர் தண்ணி, 10 லிட்டர் மோர்னா மொத்தம் 75 லிட்டர் கூழு. ஆளுக்குக் கால் லிட்டர்னா 300 பேருக்குக் கணக்கு சரி. 4 லிட்டர் தயிர் கடைஞ்சா அந்த மோர் வந்துடும். ஒரேயடியா ஊத்திடாதீங்க. 15 லிட்டர் 15 லிட்டராக் கரைச்சு மோர் சேருங்க. மோர் சேந்த கூழு வெயில்ல ஒரு மணி நேரம் நின்னா புளிப்பு ஏறிடும்.

இன்னொண்ணு, இதைக் கட்டாயம் பாக்கணும். மீந்த கூழை மாட்டுத் தொட்டியில கொட்டறது புண்ணியம்னு நெனைச்சுப் பக்கெட் பக்கெட்டா ஊத்தறாங்க. மாவுப் பொருள் திடீர்னு நிறைய உள்ள போனா மாட்டு வயித்துல அமிலம் கூடி, வயிறு உப்பிப் படுத்துடும். செத்தும் போகும். மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை குடுங்க, அது போதும்.

சமையல் மாஸ்டர் அண்ணன், காலை 6:40
அண்ணன் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சா மீதி களியா நிக்கும், தண்ணி ஊத்தி மறுநாள் காலை வரைக்கும் வெக்கலாம். கல்லுப்பை முதல்லயே தண்ணியில கரைச்சு வடிகட்டிடுவேன், அதுல மண்ணு இருக்கும். 75 லிட்டருக்கு 300 கிராம்ல ஆரம்பிச்சு ருசி பாத்து ஏத்தலாம். சின்ன வெங்காயம் 3 கிலோ, அதை ஊத்தறதுக்கு அரை மணி முன்னாடிதான் அரியணும். தொட்டுக்க மாங்காய் 4 கிலோ, மோர் மிளகாய் 1 கிலோ. வேற எதுவும் வேணாம். கேசரி, வடைன்னு ஆரம்பிச்சா கூழைக் கீழ வெச்சுட்டு வடை வரிசைக்குப் போயிடுவாங்க.

மாடி வீட்டு டீச்சர், காலை 7:15
சார், நேரத்தையும் பேசிடலாம். 11 மணிக்கு ஆரம்பிச்சா குப்பை வண்டி அக்கா அண்ணன்கள் தெருவை முடிச்சுட்டு எப்பவோ போயிருப்பாங்க. அவங்களுக்குக் கிடைக்கலேன்னா நாமளே காய்ச்சி நாமளே குடிச்சதா ஆயிடும்.

செயலாளர் சார், காலை 7:18
படையலுக்கு முன்னாடி எப்படிங்க டீச்சர் ஊத்தறது?

கோயில் பக்கத்து அம்மா, காலை 7:25
படையலை 6 மணிக்கே வெச்சுடலாம். களி ராத்திரியே தயாரா இருக்குது, ஒரு குடம் கரைச்சாப் போதும். 6:30-க்கு முதல் அண்டா தெரு முனைக்குப் போகட்டும். அவங்களை வரிசையில நிக்க வெக்காம நாம கொண்டு போய்க் குடுக்கணும். கையுறையோட இருப்பாங்க, கை கழுவ ஒரு வாளி தண்ணியும் சோப்பும் கூடவே போகணும். இதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

மூலை வீட்டு தம்பி, காலை 7:40
அம்மா, சேலை சாத்தறதுக்கு 11 வீட்டுல பேர் குடுத்திருக்காங்க. எல்லாம் வாங்கிடலாமா?

கோயில் பக்கத்து அம்மா, காலை 7:52
ஒண்ணு போதும் தம்பி, பருத்தியில. மாரியம்மனாக் கும்பிடற ரேணுகாதேவி கதை தெரியும்ல? தீயில இறங்கினவளை மழை வந்து அணைச்சுது. உடம்பெல்லாம் கொப்புளத்தோட, வேப்பிலையைச் சுத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்து பசிக்குதுன்னு கேட்டா. ஊர்க்காரங்க பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் குடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. பெரியபாளையத்து அம்மன் கோயில்ல இன்னிக்கும் வேப்பிலை கட்டி வேண்டுதல் பண்றாங்க. அவ கேட்டது சாப்பாடு. வேப்பிலையே அவளுக்கு உடுப்பு.

மாடி வீட்டு டீச்சர், காலை 8:05
மீதி 10 சேலை குடுத்தே ஆகணும்னா தூய்மைப் பணி அக்காங்களுக்குப் போகட்டும். ஆனா சாமிக்குச் சாத்தன்னே குறைஞ்ச விலையில விக்கறதை வாங்காதீங்க. அதுல சிலது நீளம் குறைவு, இடுப்பைச் சுத்தி முந்தானைக்கு வராது. கடையிலயே அளந்து பாருங்க, அஞ்சரை மீட்டர் இருக்கணும். அதைவிட, என்ன வேணும்னு அவங்களையே கேட்டுடறது நல்லது. செருப்புன்னு சொன்னா அளவு எழுதி வாங்கிக்குங்க. அளவு கேக்காம வாங்கற செருப்புல பாதி யாருக்கும் ஆகாது. குடுக்கறப்ப போட்டோ எடுக்க வேணாம், குழுவுலயும் போட வேணாம்.

செயலாளர் சார், காலை 8:20
சரி, அப்ப டப்பா இல்ல. ஃப்ளெக்ஸ் இல்ல, பழைய வேட்டித் துணியில நாள், நேரம் மட்டும் எழுதி வேப்பிலைத் தோரணத்தோட கட்டிடலாம். லைட் கோயில் வாசல்ல மட்டும். ஸ்பீக்கர்?

மாடி வீட்டு டீச்சர், காலை 8:24
ராத்திரி 10-லேருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. குடியிருப்புப் பகுதியில பகல்லயே 55 டெசிபல்தான் அளவு. உடுக்கையும் பம்பையும் வெச்சுக்கலாம் சார், நேரத்தோட நிறுத்திடலாம்.

மூலை வீட்டு தம்பி, காலை 8:31
டப்பா ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டேன். நூல்கண்டு பல கலர்ல இருக்கு, நாளைக்கு சாயங்காலம் வீடு வீடா வந்து டம்ளர் வாங்கிக்கறேன். செருப்பு அளவும் இன்னிக்கே வண்டி வர்றப்ப கேட்டு எழுதிடறேன்.

சமையல் மாஸ்டர் அண்ணன், காலை 8:34
தம்பி, அப்படியே யார் வீட்டுல 80 லிட்டர் கொப்பரை இருக்குன்னும் கேளு. பித்தளைன்னா உள்ள வெள்ளீயம் பூசியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. பூச்சு தேஞ்சு மஞ்சள் தெரிஞ்சா வாங்காத, புளிச்ச கூழுல களிம்பு ஏறிடும்.

கடைசி வீட்டு அக்கா, காலை 8:41
எங்க வீட்டுல எவர்சில்வர் அண்டா 50 லிட்டர்ல ரெண்டு இருக்கு மாஸ்டர். தேய்ச்சு வெக்கறேன். நாளைக்குக் காலையில 6 மணிக்கு மாவு கரைக்க எல்லாருக்கும் ஒரு தடவை ஞாபகப்படுத்திடுங்க.