உதவி: டி65-ல் ஒத்துப்போகும் காலர் டிஎல்84-ல் சிவக்கிறது

வணக்கம்ங்க. போலோ டி-சர்ட், நேவி, 100% காட்டன். பாடி துணியும் காலரும் வேறு வேறு டையிங். லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டி) டி65 பகல் விளக்கு போட்டால் இரண்டும் ஒரே ஷேட். டிஎல்84 குழல் விளக்கில் காலர் மட்டும் செம்மை அடிக்கிறது, ஏ விளக்கில் (குண்டு பல்பு மாதிரி வெளிச்சம்) இன்னும் மோசம். பையர் (வாங்கும் கம்பெனி) முதலில் பார்க்கும் விளக்கே டிஎல்84தான். காலருக்குக் கொஞ்சம் நீலம் டாப்பிங் (இருக்கும் சாயத்தின் மேல் கூடுதல் சாயம்) கொடுத்தால் போதுமா?

பதில் 1:
டாப்பிங் வேண்டாம்ங்க. டிஎல்84-ல் சேரும்வரை நீலம் ஏற்றினால், இப்போது சரியாக இருக்கிற டி65-ல் பிசகிவிடும். இது மெட்டாமெரிசம். இரண்டு துணியும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதமே வேறு. டி65-ல் மட்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது. டி65 என்பது 6500 கெல்வின் பகல் வெளிச்சம், எல்லா அலைநீளமும் பரவலாக இருக்கும். டிஎல்84 4000 கெல்வின் குழல் விளக்கு. அதன் ஒளி பெரும்பாலும் 435, 545, 610 நானோமீட்டரை ஒட்டிக் குவிந்திருக்கும். ஏ விளக்கு 2856 கெல்வின், சிவப்பு தூக்கல். சில நீலச் சாயங்கள் சிவப்பின் கடைக்கோடியில் ஒளியைத் திருப்பி விடும், அதுதான் அங்கே செம்மையாகத் தெரிகிறது. இரண்டு ரெசிபியையும் வாங்கிப் பாருங்க.

கேட்டவர்:
பார்த்தேன்ங்க. பாடிக்கு ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயம், அதோடு சிவப்பு, மஞ்சள். காலரில் ரியாக்டிவ் ப்ளூ 19 சேர்ந்திருக்கிறது. உரித்துவிட்டு மறுபடி சாயம் போடலாமா?

பதில் 2:
ப்ளூ 19 ஆந்த்ராகுவினோன் வகைச் சாயம். ஹைட்ரோஸில் (சாயம் உரிக்கும் கெமிக்கல்) அசோ வகைச் சாயம் மாதிரி உடைந்து போகாது, நிறம் மீண்டு வரும். அதோடு காலர் விளிம்பும் இழுபடும். காலர் எடை குறைவுதானே, புதிதாகப் பின்னி பாடி ரெசிபியிலேயே போடுவது நல்லது. முடிந்தால் பாடியோடு ஒரே பாத்தில் (சாயக் கரைசல்) போடுங்க, அதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. தனியாகத்தான் போடணும்னா அதே சாயங்கள், அதே கம்பெனி சரக்கு. முதலில் 5 கிராம் துணியில் லேப் டிப் (சின்ன மாதிரிச் சாயம்). 1% ஷேட் (துணி எடையில் 1% சாயம்) என்றால் அதற்கு 50 மில்லிகிராம் சாயம், 1% கரைசலில் 5 மில்லி.

பதில் 1:
லேப் டிப்பை சோப்பிங், சாஃப்ட்னர் முடித்து, நன்றாகக் காய்ந்தபின் பாருங்க. ஈரம் ஷேட்டை அடர்த்தியாகக் காட்டும். அறை விளக்கை அணைத்து, குழல் சூடேறிய பிறகு, 45 டிகிரி சாய்வில், துணிகளை இடம் வலம் மாற்றி வைத்துப் பார்க்கணும். பையர் கேட்டாலொழிய யூவி விளக்கு வேண்டாம். ஸ்பெக்ட்ரோவில் (நிறம் அளக்கும் கருவி) டி65, டிஎல்84, ஏ மூன்றிலும் டெல்டா ஈ (நிற வித்தியாச அளவு) எடுங்க. ஒன்றில் மட்டும் எகிறினால் ரெசிபியில் இன்னும் வேறு சாயம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஆர்டரில் காலர் டையிங்குக்குப் போகும் சலானிலேயே மூன்று விளக்கையும், பாடியின் சாயப் பெயர்களையும் எழுதிக் கொடுத்துடுங்க.