துர்துக் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?

தேனிக்காரன்:
ஜூலையில் லடாக் போகிறோம். நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் ஊர் மணல்மேட்டோடு திரும்பிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு ஷியோக் ஆற்றோடு இன்னும் போய் துர்துக் என்ற எல்லையோரக் கிராமத்தைப் பார்க்க ஆசை. படங்களில் வழியெல்லாம் மொட்டைப் பாறை, அந்த ஊரில் மட்டும் மரமும் வயலும். ஆறு எல்லா இடத்திலும்தானே ஓடுகிறது, மற்ற இடங்களில் ஏன் எதுவும் விளையவில்லை? பாகிஸ்தான் எல்லை அங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய டிரைவர்:
தம்பி, அந்த ரோட்டில் பட்டாளத்து லாரி ஓட்டியவன் நான். ஆற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஷியோக்கில் வருவது பனியாறு உருகிய தண்ணீர். கோடையில் சிமென்ட் கரைத்தது போல மணலும் வண்டலுமாகப் பள்ளத்தில் பாய்ந்து போகும். அதை மேலே ஏற்றிப் பயிருக்கு விட வழியில்லை.

ஊருக்குச் சோறு போடுவது பக்கத்து மலையிலிருந்து இறங்கும் ஓடை. அது காலம்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்தான் ஆற்றுக்கு மேலே திட்டாக நிற்கிறது. வயல்கள் அதன்மேல்தான். ஓடையை மேலேயே மறித்து வாய்க்காலில் திருப்பி, சந்துக்குச் சந்து, பாத்திக்குப் பாத்தி ஓடவிடுகிறார்கள். மழையை நம்பினால் அங்கே கீரைகூட முளைக்காது. சாலுங்கா, துர்துக், தியாக்ஷி, எல்லாம் ஓடை இறங்கும் இடத்தில் உட்கார்ந்த ஊர்கள். நடுவில் ஓடை இல்லாத இடத்தில் பாறைதான்.

அப்புறம் உயரம். லடாக்கின் பெரிய ஊரான லே 3,500 மீட்டர் என்றால் துர்துக் ஏறக்குறைய 3,000 தான், குளிர் குறைவு. அதனால் பார்லி அறுத்த நிலத்திலேயே பக்வீட் என்ற தானியத்தை விதைத்து இரண்டாம் போகம் எடுக்கிறார்கள். ஆப்ரிகாட்டும் வால்நட்டும் காய்க்கின்றன. நீங்கள் போகும் ஜூலையில் கூரைமேல் ஆப்ரிகாட் காயப் போட்டிருப்பார்கள்.

ஓடைக்கு இந்தப் பக்கம் யூல் என்ற பழைய பகுதி, அந்தப் பக்கம் மேட்டில் ஃபாரோல், நடுவில் பாலம். வண்டியைக் கீழே விட்டுவிட்டு நடந்துதான் ஏற வேண்டும். கல் இடுக்கில் குளிர்காற்று வரும் இடமாகப் பார்த்துச் சின்னக் கல் அறைகள் கட்டி வெண்ணெயும் இறைச்சியும் வைத்திருப்பார்கள். உள்ளே கை விட்டுப் பாருங்கள், வெயில் மறந்துபோகும்.

சேலம் ரைடர்:
எல்லையைப் பற்றிச் சொல்லவில்லையே அண்ணே? வேலி தெரியுமா?

பழைய டிரைவர்:
வாகா போல கேட்டும் அணிவகுப்பும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது இரு நாட்டுப் படைகளையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோடு, மலை உச்சிகள் மேலே போகிறது. கடைசி ஊர் தாங், துர்துக்கிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். அங்கே பைனாகுலரில் அந்தப் பக்கத்து ஊரைக் காட்டுவார்கள். 1971 டிசம்பர் போருக்கு முன்னால் இந்த ஊர்களும் பாகிஸ்தான் வசம்தான். மக்கள் பால்டி இனத்தவர், பேசுவதும் பால்டி மொழி. கோடு நகர்ந்தபோது அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஆறு மட்டும் தடையில்லாமல் அந்தப் பக்கம் போய், ஸ்கார்டுவுக்கு அருகே சிந்துவில் சேர்ந்துவிடும். வெளியாட்களை 2010-இல்தான் துர்துக்குக்கு விட ஆரம்பித்தார்கள். பைனாகுலர் கொடுக்கும் ஆளிடம் "உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே இருக்கிறார்களா" என்று வேடிக்கையாகக் கேட்டுவைக்காதீர்கள். பெரும்பாலும் இருப்பார்கள்.

கோவை கவிதா:
போய் வந்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது.

தேனிக்காரன்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. அப்போ துர்துக்தான். லேயில் இறங்கிய அன்றே கிளம்பிவிடலாமா?

பழைய டிரைவர்:
வேண்டாம் தம்பி. நடுவில் கர்துங் லா கணவாய், 5,000 மீட்டருக்கு மேல். லேயில் தங்கி உடம்பு பழகிய பிறகு ஏறுங்கள், கணவாயில் படம் எடுத்ததும் இறங்கிவிடுங்கள். வழியில் வரும் டிஸ்கிட் ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து துர்துக் 80, 90 கிலோமீட்டர், திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.