கிறிஸ்துமஸ் படக்கதை: உங்கள் வீட்டில் எது எடுபட்டது, எது கவிழ்ந்தது?

திருச்சி, இரண்டு பிள்ளைகளின் அம்மா

டிசம்பர் பிறந்தால் ராத்திரி படுக்கும் முன் ஒரு கிறிஸ்துமஸ் கதை என்று போன வருஷம் ஆரம்பித்தோம். பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு மூணு. ஆர்வக் கோளாறில் ஆன்லைனில் ஒரே மூச்சில் ஐந்து புத்தகம் போட்டுவிட்டேன். ஒன்று தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி வந்தது. அளவைப் பார்க்காதது என் தப்பு. இன்னொன்றில் பக்கத்துக்கு இருபது வரி. இரண்டாவது பக்கம் திருப்புவதற்குள் சின்னவள் மடியிலிருந்து இறங்கிப் போய் செருப்பை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவதில் படம் அழகு, ஆனால் வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்குகிறது. ஐந்தில் தேறியது ஒன்றுதான்.

இந்த வருஷமும் காசைக் கரைக்க மனசில்லை. பட்டியல் வேண்டாம். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

நாகர்கோவில், தாத்தா

மகளே, எனக்கு வயது 68. போன டிசம்பரில் பெங்களூரிலிருந்து பேத்தி லீவுக்கு வந்தபோது அவள் பெட்டியில் இருந்தது ரேமண்ட் பிரிக்ஸின் ‘ஃபாதர் கிறிஸ்துமஸ்’. 1973இல் இங்கிலாந்தில் வந்த புத்தகம். காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமாகப் படம். இதில் வருகிற கிறிஸ்துமஸ் தாத்தா ஹோ ஹோ என்று சிரிக்கிற ஆள் இல்லை. ‘வந்துட்டுதா மறுபடியும்’ என்கிற முகத்தோடுதான் படுக்கையிலிருந்து எழும்புவார். குளிரைத் திட்டுவார், பனியைத் திட்டுவார், புகைபோக்கியைத் திட்டுவார். கக்கூசில் உட்கார்ந்திருக்கிற படம்கூட உண்டு. அந்தப் பக்கத்தைத் தாண்டவே பேத்தி விடவில்லை.

ஆங்கிலத்தில் திட்டுக்குத் திட்டு ‘புளூமிங்’ என்று ஒரு சொல் வரும். அதைத் தமிழில் எப்படிச் சொல்ல? யோசிக்க நேரம் இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன்: “சவத்துக் குளிரு”, “சவத்துப் பனி”. எங்கள் ஊரில் கைவசம் இருப்பது அதுதான். பேத்தி கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து இறங்கினால் தூறல். போதகர் குனிந்து “எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டார். “சவத்து மழை அங்கிள்” என்றாள். மருமகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை வாங்கச் சொன்னால் அதையேதான் வாங்குவேன்.

லண்டன், அம்மா

தாத்தா, சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது.

நாங்கள் வாங்குவதில்லை, எல்லாம் நூலகம்தான். போன வருஷம் எடுத்தது ‘தி ஜாலி கிறிஸ்துமஸ் போஸ்ட்மேன்’. ஜேனட், ஆலன் ஆல்பர்க் தம்பதியின் புத்தகம், 1991. பக்கங்களுக்கு நடுவே உறைகள் இருக்கும். தபால்காரர் தேவதைக் கதை ஆட்களுக்குக் கடிதம் கொண்டுபோவார். உறைக்குள் கைவிட்டால் நிஜமாகவே கடிதம், விளையாட்டு, குட்டிப் புத்தகம் என்று வரும். பாதி நேரம் வாசிப்பு, மீதி நேரம் யார் கையை விடுவது என்கிற சண்டை.

எங்களுக்குக் கிடைத்த பிரதியில் ஓர் உறை காலி. மகன் உதட்டைப் பிதுக்கினான். “தபால்காரர் வழியில தொலைச்சிட்டார்டா” என்று சமாளித்துத் தூங்க வைத்தேன். மறுநாள் பார்த்தால் அவனே ஒரு கடிதம் எழுதி அந்த உறையில் செருகியிருக்கிறான். ஓநாய்க்கு, தமிழில். “நீ யாரையும் சாப்பிடாதே, கேக் சாப்பிடு.” திருப்பிக் கொடுக்கும்போது அதை உருவ எனக்கு மனம் வரவில்லை. அடுத்து எடுத்துப் போன வீட்டில் என்ன நினைத்தார்களோ!

இன்னொன்று. சந்தத்தோடு ஓடுகிற புத்தகத்தைத் தமிழாக்கிக்கொண்டே படிக்காதீர்கள். ஜூலியா டொனால்ட்சனின் ‘ஸ்டிக் மேன்’ (2008) கதையை அப்படிக் கொன்றிருக்கிறேன். ஒரு குச்சி மனிதன் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் அலைந்து, கடைசியில் புகைபோக்கியில் மாட்டிக்கொண்ட சாண்டாவைக் காப்பாற்றுகிற கதை. என் தமிழில் அது ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது. இப்போது அதை ஆங்கிலத்திலேயே பாடுகிற மாதிரி படித்துவிட்டு, நடுவில் நிறுத்தித் தமிழில் கதை பேசுகிறோம். உரைநடை என்றால் தாராளமாகத் தமிழாக்கலாம்.

பாளையங்கோட்டை, ஞாயிறு பள்ளி ஆசிரியை

நீங்களெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தா கதை சொல்கிறீர்கள். எனக்குப் பிரச்சினை இயேசு பாலன் பிறந்த கதையில். என் வகுப்பில் ஒரு படக்கதையை விரித்தேன். தொழுவம், மேய்ப்பர்கள், பக்கத்திலேயே கிரீடம் வைத்த மூன்று ராஜாக்கள், வாசலில் ஒட்டகம். ஒன்பது வயசுப் பையன் கை தூக்கினான். “டீச்சர், மூணு பேருன்னு மத்தேயு சுவிசேஷத்துல போடவே இல்லையே?”

உண்மைதான். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. வந்தவர்கள் சாஸ்திரிகள், அதாவது நட்சத்திரம் பார்த்து வந்த ஞானிகள். எத்தனை பேர் என்று கணக்கு இல்லை. அவர்கள் நுழைந்தது தொழுவத்துக்குள்ளும் இல்லை, வீட்டுக்குள். மாடும் கழுதையும்கூட லூக்கா சுவிசேஷத்தில் கிடையாது. அன்றிலிருந்து பெரிய பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் ‘தப்பு கண்டுபிடி’ விளையாட்டு ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டகம் இருந்துவிட்டுப் போகட்டும், ஒட்டகம் இல்லாவிட்டால் பாதிப் பேர் வகுப்புக்கே வரமாட்டார்கள். எனக்கு ஆகாதது பெத்லகேமில் பொன்னிற முடிக் குழந்தை. அதைப் பார்த்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன்.

சொல்லையும் பாருங்கள். குழந்தையைக் கிடத்திய இடம் நாங்கள் வழக்கமாக வாசிக்கிற பழைய வேதாகமத்தில் ‘முன்னணை’. இன்றைய பிள்ளைக்குப் புரியாது. பொது மொழிபெயர்ப்பில் ‘தீவனத் தொட்டி’.

மதுரை, அம்மா

டீச்சர், நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பக்கத்து வீட்டுக் கேக் தட்டு. நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருக்கிறது. அங்கே மகன் கையில் ஒரு பாலன் கதை சிக்கியது. நான் ‘தொட்டி’ என்று படித்ததும், “நம்ம தாத்தா மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியாம்மா? ஈரமா இருக்குமே, பாப்பாவுக்குச் சளி பிடிக்காதா?” என்றான். வைக்கோல் போட்டிருந்தார்கள் என்று படத்தைக் காட்டின பிறகுதான் அடுத்த பக்கம் போகவிட்டான்.

டொராண்டோ, அப்பா

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், எங்களுக்கு இது நத்தார். என்ர ஆங்கிலம் கதை வாசிக்கிற அளவுக்கு ஓடாது, மகளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. எங்களை ஒப்பேற்றினது எழுத்தே இல்லாத புத்தகம். ‘தி ஸ்னோமேன்’, 1978. நாகர்கோவில் ஐயா சொன்ன அதே பிரிக்ஸ்தான். பொடியன் ஒருவன் பனியில் ஆள் செய்வான், இரவில் அது உயிர் பெற்று அவனைத் தூக்கிக்கொண்டு பறக்கும். புத்தகத்தில் நத்தார் வரவே வராது. 1982இல் வந்த படத்தில்தான் நத்தார் தாத்தாவைச் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி முறைப்பாடு செய்யவில்லை.

கதை முழுக்க என்ர வாயில் இருந்து, என்ர தமிழில். ஒவ்வொரு இரவும் கொஞ்சம் மாறும், அவள் பிடித்துக்கொள்வாள்: “நேற்று அப்படிச் சொல்லேல்லை அப்பா.” கடைசிப் பக்கத்தில் பனி ஆள் உருகிவிடும், தொப்பியும் சால்வையும்தான் மிச்சம். முதல் நாள் விக்கி விக்கி அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அணைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் பின்னேரம் முற்றத்தில் தானே ஒன்றைச் செய்துவிட்டு, “இது மார்ச்சில போயிடும், என்ன?” என்றாள். கனடாப் பிள்ளை, பனியின் கணக்கு அவளுக்கு விளங்கும்.

திருச்சி, மறுபடியும்

இந்தத் தடவை கடைக்கே போனேன். எடுத்த ஒவ்வொரு புத்தகத்திலும் நடுவில் இரண்டு பக்கத்தை அங்கேயே வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கடைப் பையன் இரண்டு தரம் எட்டிப் பார்த்தான். நாக்கு தடுக்கியதையெல்லாம் திரும்ப வைத்துவிட்டேன். இரண்டுதான் வாங்கினேன். நாகர்கோவில் தாத்தா சொன்னது அதில் ஒன்று.

எங்கள் பக்கம் ‘சவத்து’ பழக்கமில்லை. அதனால் என் வீட்டுக்காரர் ‘பாழாப்போன’ என்று போட்டுப் படித்தார். பாழாப்போன பனி, பாழாப்போன புகைபோக்கி. நேற்றுக் காலையில் சின்னவள் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள், “இந்தப் பாழாப்போன பல்லைத் தினமும் விளக்கணுமாம்மா?”

தாத்தா, இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.